வெள்ளம் வடிந்த கோடும் வெட்டுப்பட்ட தரையும்

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் நிற்கும் கறைக்கோடுதான் முதலில் கண்ணில் படும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று அது சொல்லிவிடும். எவ்வளவு தண்ணீர், என்ன வேகத்தில் போனது என்பதை நாம்தான் கணக்குப் போட வேண்டும். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு வந்த வெள்ளத்துக்கு அந்தக் கணக்கைப் போட முடியுமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் போட்டிருக்கிறார்கள்.

பனியுகத்தின் பிற்பகுதியில், வடக்கிலிருந்து நீண்டுவந்த பனிப்பாளம் ஒன்று கிளார்க் ஃபோர்க் ஆற்றை மறித்தது. அதன் பின்னால் மொன்டானாவின் பள்ளத்தாக்குகளில் 2,000 கன கிலோமீட்டருக்கும் அதிகமான தண்ணீர் தேங்கியது. அதுதான் மிசௌலா ஏரி. பனி அணையருகே ஆழம் ஏறக்குறைய 600 மீட்டர். அணை உடையும், ஏரி வடியும், பனி மறுபடி வந்து அடைக்கும். இப்படிப் பல பத்து முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளம் கிழக்கு வாஷிங்டனின் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய், அடியிலிருந்த பசால்ட் பாறையைப் பிளந்தது.

நிலவியலாளர் ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1923-ல் இந்த நிலத்தோற்றத்தை வெள்ளத்தின் வேலை என்று எழுதியபோது மற்ற நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. 1942-ல் ஜோசஃப் பார்டி காட்டிய சான்று அழுத்தமானது. ஆற்று மணலில் ஓட்டம் விட்டுப்போகும் வரிகள் நமக்குத் தெரியும். விரல் உயரம்கூட இருக்காது. மொன்டானாவின் காமஸ் பிரெய்ரியில் அதே வரிகள் சரளைக்கல்லால் ஆனவை. 10 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கின்றன. பக்கத்தில் நின்றால் மேடாகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் வரி புரியும்.

கணக்கு இப்படிப் போகிறது. பசால்ட் நிலத்தில் பனிக்கட்டியோடு மிதந்து வந்து ஒதுங்கிய கருங்கற்கள், அரிபட்ட மண்மேட்டு விளிம்புகள், தண்ணீர் தாண்டிப்போன மலைமுகடுகள் ஆகியவைதான் இங்கே கறைக்கோடு. பள்ளத்தாக்கைக் குறுக்குவெட்டுகளாகப் பிரித்து, பாறை எவ்வளவு கரடுமுரடு என்று மதிப்பிட்டு, ஒரு நீரளவை ஊகித்து ஓட விடுகிறார்கள். கணக்கில் வரும் நீர்மட்டம் கறைக்கோட்டைத் தொடாவிட்டால் அளவை மாற்றி மீண்டும் ஓட்டம். இந்த வழியில் விக்டர் பேக்கரும் ஜிம் ஓ'கானரும் 1992-ல், அணைக்குக் கீழே ராத்ட்ரம் பிரெய்ரியில் உச்ச ஓட்டம் வினாடிக்குச் சுமார் 1.7 கோடி கனமீட்டர் என்று கண்டார்கள். அமேசான் ஆற்றின் சராசரி ஓட்டம் சுமார் 2 லட்சம்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோடு அன்றையது, நாம் அளக்கும் தரை இன்றையது. அந்தத் தரையை வெட்டியதே வெள்ளம் என்றால், வெட்டுப்படும் முன் பள்ளத்தாக்கு ஆழம் குறைவாக இருந்திருக்கும். குறைந்த தண்ணீரே அந்த உயரத்தைத் தொட்டிருக்கும். ஐசக் லார்சனும் மைக்கேல் லாம்பும் 2016-ல் மோசஸ் கூலி பள்ளத்தாக்கை, தரை படிப்படியாக வெட்டுப்பட்டதாக வைத்துக் கணக்கிட்டார்கள். இன்றைய பள்ளத்தாக்கு விளிம்புவரை நிரம்பியதாகப் போட்ட கணக்கைவிட வெள்ளம் ஐந்து முதல் பத்து மடங்கு சிறிதாக வந்தது. இது அந்தப் பள்ளத்தாக்குக்கான விடை. ராத்ட்ரம் எண்ணை இது தள்ளிவிடவில்லை. ஆனால் பழைய வெள்ளங்களின் அளவைச் சொல்லும் எவரும் தரையைப் பற்றித் தங்கள் ஊகம் என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இத்துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த நேர்மைதான்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் கரைமேடு சரிந்து விழ, ஏரி உடைத்துக்கொண்டது. வெளியேறிய தண்ணீர் சுமார் 5 கோடி கனமீட்டர். தீஸ்தா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அது அரித்தெடுத்த மண்ணும் கல்லும் சுமார் 27 கோடி கனமீட்டர். சுங்தாங் அணை அதில் போய்விட்டது. இமயமலை ஏரிகளுக்கு வெள்ள அபாய வரைபடம் போடுகிறவர்கள், ஆற்றின் தரை அசையாது என்று வைத்துக் கணக்குப் போடுவதை நிறுத்த வேண்டும்.