வாளைக் கீழே வைத்த வணிகன் (தொடர் – 7)

திருவாலங்காட்டுக்கு வருகிறவர்கள் இரத்தின சபையில் ஆடும் பெருமானையும், அவர் திருவடி நிழலில் அமர்ந்த காரைக்காலம்மையாரையும் தரிசித்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், பக்கத்திலுள்ள பழையனூருக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் விருப்பம். ஏனெனில், 'நீலிக் கண்ணீர்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்த மண் அதுதான்.

முற்பிறவிப் பகையைத் தீர்க்க வந்த நீலி என்னும் பேய், ஒரு வணிகனுடைய மனைவியின் வடிவெடுத்து, கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னிலையில் அழுது நின்றது. 'இவள் என் மனைவியல்லள்' என்று அவன் கதறியும், கண்ணீரையும் குழந்தையையும் கண்டவர்கள் அவளையே நம்பினார்கள். அவனுக்கிருந்த ஒரே காப்பு, கையிலிருந்த மந்திர வாள். அது இருக்கும்வரை தன் பிராணனுக்கு ஆபத்து என்று நீலி முறையிட, ஊரார் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் எழுபது பேரும் உயிர் தருவதாக வாக்களித்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள். ஞானசம்பந்தர் தேவாரமும் இதைக் குறிக்கிறது.

பேயின் கொடுமையைவிட என் மனத்தை வருத்துவது, வாளைக் கேட்டு வாங்கியவர்கள் நல்லவர்கள் என்பதே.

இன்று வங்கியின் பெயராலும், வருமான வரித் துறையின் பெயராலும், காவல் துறையின் பெயராலும் வரும் வஞ்சக மின்னஞ்சல்கள் இதே நாடகத்தையே நடத்துகின்றன. 'இன்றிரவுக்குள் கணக்கு முடக்கப்படும்' என்ற மிரட்டல் நீலியின் அழுகை. அசலையே உரித்துவைத்த வங்கிச் சின்னம் அவள் இடுப்புக் குழந்தை. கடைசியில் கேட்கப்படும் ஓடிபி நம் கையிலுள்ள வாள். அதிலும், மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கடிதமெல்லாம் மின்னஞ்சலுக்கே வந்து சேர்வதால், அந்த ஒன்றை இழந்தவர் அனைத்தையும் இழக்கக்கூடும். ஆகவே அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லும், இரட்டைச் சரிபார்ப்பும் இன்றியமையாதன.

மெய்யை அறியும் வழியையும் திருவாலங்காடே வைத்திருக்கிறது. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பழையனூரை இத்தலத்து இறைவனுக்கு முதலாம் ராஜேந்திர சோழன் அளித்த சாசனம். 31 ஏடுகளையும் ஒரு வளையத்தில் கோத்து, புலியும் கயலும் வில்லும் பொறித்த ராஜ முத்திரையை அதில் பதித்திருந்தார்கள். மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்; முத்திரையைப்போல் முதலில் சோதிக்கத்தக்கது அதன் பின்னுள்ள முகவரி. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தம் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றிக்கொள்ள வேண்டுமென ரிசர்வ் வங்கி ஆணையிட்டதன் நோக்கமும் இத்தகைய முத்திரையொன்றை மக்களுக்குத் தருவதே.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் அன்பர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. 2013 முதல் 2015 வரை, தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தார் எழுதுவதுபோல் மின்னஞ்சலும் போலி இன்வாய்ஸும் அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரண்டு நிறுவனங்களிடமிருந்தே 10 கோடி டாலருக்குமேல் அபகரித்தான் லித்துவேனியா நாட்டவன் ஒருவன். 2019-ல் நியூயார்க் நீதிமன்றம் அவனுக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சரக்கு அனுப்புகிறவர் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதினால், அந்தக் கடிதத்திலுள்ள எண்ணை விடுத்து, பழைய கோப்பிலுள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேட்டபின்பே பணம் அனுப்புங்கள்.

ரகசிய எண்ணைத் தாமே கொடுத்து ஏமாந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போகும் பணத்துக்குத் தாமே பொறுப்பு என்றும், தெரிவித்தபின் நேரும் நஷ்டம் வங்கியைச் சேரும் என்றும் ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. ஆதலால் வெட்கப்பட்டு ஒரு நாழிகைகூட மறைக்காதீர்கள். வங்கிக்குச் சொல்லி, அப்போதே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்.