1777-ல் திறந்த மிட்டாய்க் கடை... இன்றும் பிசி!

ரோஜா மணம், நடுவே பிஸ்தா, மேலே பொடித்த சர்க்கரை. நாம் ‘டர்கிஷ் டிலைட்’ என்று சொல்லும் இனிப்புக்குத் துருக்கியில் ‘லோக்கும்’ என்று பெயர். ‘தொண்டைக்கு இதம்’ என்று பொருள்படும் பழைய பெயர்தான் இப்படிச் சுருங்கிவிட்டது.

இதைப் புகழ்பெறச் செய்தவர் பெகிர் எஃபெண்டி. கஸ்தமோனு பகுதியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு வந்தவர், 1777-ல் பாஹ்செகபியில் சின்னதாக ஒரு மிட்டாய்க் கடை போட்டார். ஹஜ் போய் வந்ததும் ‘ஹாஜி பெகிர்’ ஆனார். சுல்தான் அரண்மனையின் தலைமை மிட்டாய்க்காரர் பதவியும் தேடி வந்தது.

அதுவரை தேன் அல்லது திராட்சைப் பாகில் மாவு சேர்த்துத்தான் இனிப்பு கிண்டினார்கள். அதைச் சர்க்கரைக்கும் ஸ்டார்ச்சுக்கும் மாற்றியவர் இவரே என்கிறது குடும்ப வரலாறு. பொருள்கள் என்னவோ எளிமைதான். சூட்சுமம் பக்குவத்தில் இருக்கிறது. அடிபிடிக்காமல் நீண்ட நேரம் கிளற வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் பச்சை வாசம் போகாது; பல்லிலும் ஒட்டும். தட்டில் கொட்டி, நன்றாக இறுகிய பிறகே துண்டு போட வேண்டும்.

சுல்தான்கள் போய், 1923-ல் குடியரசும் வந்துவிட்டது. ஹாஜி பெகிர் பெயர்ப்பலகை மட்டும் இறங்கவில்லை. அதே பாஹ்செகபியில், அவர் குடும்பத்தின் கடையில் இன்றும் லோக்கும் வாங்கலாம்!