ராட்டினம் சுற்றினால் தண்ணீர் வரும்!

குட்டீஸ்... தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகும் பக்தர்கள், ஆயக்குடியைத் தாண்டும்போது சாலையோரம் என்ன வாங்கிச் சாப்பிடுவார்கள்? கரெக்ட், கொய்யாப்பழம்தான்! நறுக்கி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொடுத்தால் பாதி கால்வலி பறந்து விடும்.

உங்கள் வகுப்பு மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து அப்படி ஒரு கொய்யாக் கடை போடுகிறீர்கள். வருகிற லாபத்தில், ஆப்பிரிக்காவில் இருக்கும் ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு ராட்டினம் வாங்கி அனுப்பப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். நல்ல ஐடியாதானே?

உண்மையிலேயே இப்படி ஒன்று நடந்தது. ஆனால், அது சாதாரண ராட்டினம் இல்லை. பூங்காவில் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி, டக்கென்று தாவி ஏறுவீர்களே... அந்தச் சுற்று ராட்டினத்தின் அடியில் ஒரு பம்பைப் பொருத்தி விட்டார்கள். ராட்டினம் சுற்றச் சுற்ற, போர்வெல் தண்ணீர் மேலேறி, உயரத்தில் இருக்கும் 2,500 லிட்டர் தொட்டியில் நிறையும். பக்கத்தில் குழாய். குடத்தை வைத்துப் பிடித்துக் கொள்ளலாம். தொட்டியின் நான்கு பக்கமும் விளம்பரப் பலகை மாட்டி, அந்த வருமானத்தில் ரிப்பேர் செலவைப் பார்த்துக் கொள்ளலாம் என்பது கூடுதல் திட்டம்.

இதன் பெயர், 'பிளேபம்ப்!' தென் ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் ஒருவர் கண்டுபிடித்தது. ட்ரெவர் பீல்டு என்பவர், 1989ல் ஒரு விவசாயக் கண்காட்சியில் இதைப் பார்த்து அசந்து போனார். 1994ல் முதல் ராட்டினங்கள் சுற்ற ஆரம்பித்தன. 2000ல் உலக வங்கியின் பரிசும் கிடைத்தது.

அப்புறம் என்ன... பணம் கொட்டியது! 2006ல், அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ், 1 கோடியே 64 லட்சம் டாலர் தரப்படும் என்று மேடையில் அறிவித்தார். 2010க்குள் 4,000 ராட்டினங்கள், 1 கோடி பேருக்குத் தண்ணீர் என்பது இலக்கு. பாடகர்கள் நிதி திரட்டினர். பள்ளிப் பிள்ளைகளும் காசு சேர்த்துக் கொடுத்தனர். ஒரு ராட்டினத்தின் விலை 14,000 டாலர். அன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாய்க்கும் மேல்!

இப்போது நோட்டும் பேனாவும் எடுங்கள். ஒரு குட்டிக் கணக்கு.

ஒரு ராட்டினம் 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். மொத்தம் எவ்வளவு? 37,500 லிட்டர். நன்றாகச் சுற்றினால் மணிக்கு 1,400 லிட்டர் வரும் என்றது கம்பெனி. வகுத்துப் பாருங்கள்... கிட்டத்தட்ட 27 மணி நேரம்! ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? 24தானே! சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்கூடம் போகாமல் விளையாடினாலும் போதாது. 2009ல், இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழ் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது. அதுவரை யாருமே இதை வகுத்துப் பார்க்கவில்லையா என்று உங்களைப் போலவே எனக்கும் ஆச்சரியம்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சாதாரண ராட்டினத்தை நான்கு தள்ளு தள்ளினால், கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். அந்தச் சுகத்துக்காகத்தானே ஏறுகிறோம்! இதுவோ தண்ணீரை இழுத்தாக வேண்டும். தள்ளுவதை நிறுத்தினால் நின்று விடும். பிள்ளைகளுக்கு அலுத்துப் போனது. மொசாம்பிக், மலாவி நாட்டுக் கிராமங்களில் கடைசியில் அதைச் சுற்றியது யார் தெரியுமா? அம்மாக்களும் பாட்டிகளும்! குனிந்து, அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளித் தண்ணீர் எடுத்தார்கள். பழுதானால், சரிசெய்ய ஆள் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. குக்கிராமத்தில் விளம்பரம் செய்யக் கம்பெனிகளும் வரவில்லை. பலகைகள் காலியாகவே நின்றன.

பெரிய கொடுமை இதுதான். சில ஊர்களில், நன்றாக இருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு இந்த ராட்டினத்தை வைத்திருந்தார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலிலேயே கேட்டிருந்தால், அந்தப் பாட்டிகள் சொல்லியிருப்பார்களே!

அடிபம்பு என்றதும் லேசாக நினைத்து விடாதீர்கள். நம் ஊர்த் தெருக்களில் டொக் டொக்கென்று அடித்துத் தண்ணீர் பிடிக்கும் 'இந்தியா மார்க் 2' பம்பு, 1970களில் யுனிசெப் உதவியுடன் இங்கேயே உருவானது. கோவைப் பகுதியில் சோதித்துப் பார்த்தார்கள். இன்று ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. ஒரு பிளேபம்ப் விலையில், சாதாரண பம்பு நான்கு போடலாம்!

2010ல், பணம் கொடுத்த அமெரிக்க அறக்கட்டளையின் தலைவர் ஜீன் கேஸ், நினைத்தபடி நடக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அப்படி ஒப்புக்கொள்ளத் தைரியம் வேண்டும். நிறைய பிள்ளைகள் படிக்கும் சில பள்ளிகளில் மட்டும் இந்த ராட்டினம் நன்றாகவே உதவியது.

சரி, கொய்யா விற்ற காசை என்ன செய்வது?

நம் நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார். பூஜா ராய். கரக்பூர் ஐ.ஐ.டி.,யில் கட்டடக்கலை படித்தபோது ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போனார். அங்கே பிள்ளைகள் பழைய செருப்பை மட்டையாக வைத்துப் பூப்பந்து ஆடிக் கொண்டிருந்தனர். உடனே நண்பர்களுடன் சேர்ந்து, தேய்ந்துபோன டயர்களால் விளையாட்டுத் திடல் அமைத்தார். அவர் தொடங்கிய 'ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்' அமைப்பு, நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான திடல்களை அமைத்திருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன், அங்கே விளையாடப் போகும் பிள்ளைகளையே உட்கார வைத்து, என்னென்ன வேண்டும் என்று படம் வரைந்து காட்டச் சொல்கிறார்கள்.

உங்கள் ஊர் பஞ்சர் கடையிலும் பழைய டயர்கள் குவிந்து கிடக்கும். கேட்டு வாங்கிக் கழுவி, பெயின்ட் அடித்தால் ஊஞ்சல் ரெடி! பெரியவர்கள் யாரையாவது கயிற்றைக் கட்டச் சொல்லுங்கள். டயரின் அடிப்பக்கம் நான்கைந்து ஓட்டை போடச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கி, உங்களுக்கு முன்னால் கொசுக்கள் குடிவந்து விடும்!