பேரிடர்க் காலத்தில் பொதுக் கட்டடங்களுக்கான சூரிய மின்சாரமும் மின்கலச் சேமிப்பும்

புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் பொது மின்வழங்கல் நின்றாலும் மருத்துவமனை, குடிநீரேற்று நிலையம், தீயணைப்பு நிலையம், நிவாரண முகாம் போன்றவை தொடர்ந்து இயங்க வேண்டும். இதற்காக அக்கட்டடங்களிலேயே சூரியத் தகடுகளையும் மின்கலங்களையும் சேர்த்து அமைக்கும் முறை பின்பற்றப்படுகிறது.

தகடுகள் மட்டும் போதாமை

கூரையில் சூரியத் தகடு இருந்தால் மின்தடையிலும் விளக்கு எரியும் என்று பலர் எண்ணுகின்றனர். பொது மின்கட்டமைப்புடன் இணைந்த சாதாரண அமைப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. வெளி மின்சாரம் நின்றவுடன் அதன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பிகளைச் சீரமைக்கும் பணியாளர்கள்மீது மின்சாரம் பாயாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே, கட்டடத்தை வெளிக் கம்பிகளிலிருந்து துண்டித்துத் தனியே இயக்கும் இன்வெர்ட்டரும், இரவுத் தேவைக்கு மின்கலமும் வேண்டும்.

புவேர்ட்டோ ரிக்கோவின் பட்டறிவு

கரிபியக் கடலில் அமெரிக்க ஆட்சிப்பகுதியாக உள்ள புவேர்ட்டோ ரிக்கோவை 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கியது. தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. மின் இணைப்புகள் முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. அடுத்த மாதங்களில் நிகழ்ந்தவற்றையும் சேர்த்து, 2,975 இறப்புகள் என்னும் மதிப்பீட்டை அரசு ஏற்றுக்கொண்டது. மருத்துவ வசதி தடைப்பட்டதும் இவ்விறப்புகளுக்கு ஒரு காரணமாகும்.

அத்தீவின் மலைநகரான அட்ஹுந்தாசில் 'காசா புவேப்ளோ' என்னும் மக்கள் அமைப்பின் கட்டடம் 1999 முதல் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தி வந்தது. சூறாவளிக்குப் பின்னும் அங்கு மின்சாரம் இருந்தது. கைப்பேசிகளுக்கு மின்னேற்றவும் சுவாசக் கருவிகளை இயக்கவும் ஊர்மக்கள் அங்கு வந்தனர். தலைநகர் சான் ஹுவானின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் அதே ஆண்டு அக்டோபரில் தகடுகளும் மின்கலங்களும் நிறுவப்பட்டன.

அளவைக் கணித்தல்

முதலில், நிற்கவே கூடாத கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டி, ஆக்சிசன் செறிவூட்டி, விளக்குகள் ஆகியவற்றுக்கு இடைவிடாது 2 கிலோவாட் தேவை எனக் கொண்டால், 12 மணி நேர இரவுக்கு 24 யூனிட்டும், முழு நாளுக்கு 48 யூனிட்டும் வேண்டும். வெயில் மிக்க இடத்தில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். எனவே 12 கிலோவாட் தகடுகள் தேவை. மேகமூட்டத்தில் உற்பத்தி குறையும். மின்கலத்தையும் முழுவதுமாக வடியவிடுவது நல்லதன்று. ஆதலால் இரண்டையும் கணக்கிட்டதைவிடக் கூடுதலாக அமைப்பர்.

வரம்புகள்

டீசல் ஜெனரேட்டருக்கு எரிபொருள் வந்துசேரச் சாலைகள் திறந்திருக்க வேண்டும். சூரியத் தகட்டுக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் மழை பல நாள் நீடித்தால் ஜெனரேட்டரே கைகொடுக்கும். எனவே மருத்துவமனைகளில் இரண்டும் இருப்பதே பாதுகாப்பானது. தகடுகள் புயற்காற்றைத் தாங்குமாறு பொருத்தப்பட வேண்டும். மின்கலங்கள் வெள்ளமட்டத்துக்கு மேலே வைக்கப்பட வேண்டும்.