பருத்தியும் பகலொளியும்

உணவுக்கு நெல்லும் உடைக்குப் பருத்தியும் தமிழர் வாழ்வில் நெடுங்காலமாகத் துணை நின்றவை. பருத்தி நூற்ற பெண்டிரைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். ஆங்கிலத்தார் வழங்கும் 'காட்டன்' என்னும் சொல், அரபு மொழியின் 'குத்ன்' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு அல்-அவ்வாம் இயற்றிய வேளாண் நூலிலும் பருத்திக்கு இடம் உண்டு. நம் வாயிலருகே பார்த்தாலும், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய அனகாபுத்தூர், 'மெட்ராஸ் கைக்குட்டை' என்னும் கட்டம் போட்ட பருத்தித் துணியை நெய்து மேற்காப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஊராகும்.

இத்துணைச் சிறப்புடைய செடியைப் பாடநூலில் மட்டுமே கண்ட மாணவர்க்கு நேரில் காட்ட விரும்பினோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டு மொட்டைமாடியில் இரு தொட்டிகளில் பருத்தி விதைத்தோம். விதை ஒன்றே; மண் ஒன்றே; ஊற்றிய நீரும் ஒன்றே. ஒரு தொட்டி திறந்த வெயிலில் இருந்தது. மற்றது, பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் நிழல் விழும் மூலையில் இருந்தது. இரண்டு மாதத்தில் நிழற்செடி மற்றதைவிட ஒரு சாண் உயர்ந்து, அகன்ற இலைகளோடு பசுமையாக நின்றது. நாம் மகிழ்ந்து அதனையே வகுப்புக்குக் கொண்டு சென்றோம். பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் வீட்டு மாணவர் ஒருவர் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது காய்க்காதுங்க" என்றார்.

அவர் சொன்னதே நடந்தது. வெயிலில் நின்ற குட்டைச் செடி பஞ்சு வெடித்தது. உயர்ந்த செடியோ அரும்புகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுமனே நின்றது. ஏன் இவ்வாறு நேர்கிறது என்று தேடி அறிந்தவற்றை இங்குத் தொகுத்துரைக்கின்றோம்.

கண்ணின் வெளிச்சமும் இலையின் ஒளியும்

நிழலிலும் வெளிச்சம் இருக்கிறதே என்று நாம் எண்ணுகிறோம். நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. ஒளி குறையுமிடத்துக் கண்மணி விரிந்து ஈடுகட்டிக்கொள்வதால், குறைவின் அளவு நமக்குத் தெரிவதில்லை. ஒளியை 'லக்ஸ்' என்னும் அலகால் அளப்பர். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலில் அது 10,000 முதல் 20,000 வரை இறங்கும். அடர்ந்த கருமேகமாயின் இன்னும் குறையும். குழல்விளக்கு எரியும் நம் வகுப்பறையில் இருப்பது சில நூறு லக்ஸ் மட்டுமே. நாம் படிப்பதற்கு அது போதும். பருத்தி இலை உணவு சமைப்பதற்குப் போதாது.

எல்லாப் பயிர்க்கும் ஒளி வேண்டும் எனினும் பருத்தியின் தேவை மிகுதி. அதன் காட்டு முன்னோர் வறண்ட, மரமடர்த்தி இல்லாத திறந்த நிலங்களில் வளர்ந்தவர்கள். நம் நாட்டில் மிகுதியாகப் பயிராகும் அமெரிக்கப் பருத்தியின் இலைகள், காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் கதிரவனைத் தொடர்ந்து திரும்புகின்றன. இவ்வாறு ஒளியைத் தேடித் திரும்பும் செடி, ஒளி குறைந்தால் வாடுவதில் வியப்பில்லை.

உயரம் வளர்ச்சி அன்று

வாட வேண்டிய செடி உயர்ந்தது எவ்வாறு? கதிரொளியில் பல நிறங்கள் உள்ளன. பக்கத்துச் செடிகளின் இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அப்பாலுள்ள தொலைச்சிவப்பு ஒளியை விட்டுவிடுகின்றன. 'பைட்டோகுரோம்' என்னும் நிறமி இவ்விரண்டின் விகிதத்தை உணர்ந்து, 'அயலார் ஒளியை மறைக்கின்றனர்' எனச் செடிக்கு அறிவிக்கிறது. சுவர் நிழலில் ஒளியின் அளவே குறைந்துவிடுகிறது. இரு நிலையிலும் செடி தன் கையிருப்பைத் தண்டை நீட்டுவதில் செலவிடுகிறது. கணுவுக்குக் கணு இடைவெளி கூடுகிறது, தண்டு மெலிகிறது. இலை அகல்கிறது, ஆனால் தடிப்புக் குறைகிறது. நாம் வளர்ச்சி என்று கண்டு மகிழ்ந்தது, ஒளியைத் தேடிய செடியின் தவிப்பே ஆகும்.

உதிர்வதன் காரணம்

பருத்தியின் இளம் அரும்பை உழவர் 'சப்பை' என்பர். சப்பை தோன்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில் பூ மலரும்; பூத்தபின் காய் முற்றி வெடிக்க ஏறக்குறைய ஐம்பது நாள் செல்லும். இத்தனை நாளும் காய்க்கு உணவளிப்பன பெரும்பாலும் அதன் அருகிலுள்ள இலைகளே. பகலொளி குறையின் இலைகளில் சர்க்கரை உற்பத்தி குறைகிறது. ஆனால், செடியின் சுவாசச் செலவோ இரவும் பகலும் தொடர்கிறது. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலை அது.

அப்போது செடி இளையவற்றைக் கைவிடுகிறது. எத்திலீன், அப்சிசிக் அமிலம் ஆகிய சுரப்புகளின் தூண்டலால் காம்பின் அடியில் பிரிவடுக்கு ஒன்று தோன்ற, சப்பையும் பிஞ்சும் உதிர்கின்றன. பூத்து இரண்டு வாரம் கடந்த காய் பெரும்பாலும் உதிர்வதில்லை. அதற்கு இளையவையே பலியாகின்றன. நல்ல வெயிலிலும் பாதிக்கு மேற்பட்ட அரும்புகள் உதிர்வது பருத்தியின் இயல்பு. மூடிய வானம் அவ்வியல்பை மிகைப்படுத்துகிறது.

இதற்குள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நாம் ஆண்டுதோறும் விதைத்துப் பிடுங்கினும், பருத்தி இயல்பில் பல்லாண்டு வாழும் குறுமரமாகும். அதன் உறவான பூவரசு மரமாக நிற்பதையும், செம்பருத்தி பல்லாண்டு பூப்பதையும் அறிவோம். கெட்ட காலத்தில் காயை இழந்து தன்னைக் காத்துக்கொண்டால், அடுத்த பருவத்தில் காய்க்கலாம் என்பது செடியின் கணக்கு. உழவருக்கோ அடுத்த பருவம் என்பது அடுத்த கடன்.

இழையில் ஒரு நாட்குறிப்பு

உதிராமல் தப்பிய காயும் ஒளிக்குறைவின் தழும்பைச் சுமக்கிறது. பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் ஒரே ஓர் உயிரணு நீண்டதாகும். பூத்தபின் முதல் மூன்று வாரம் அது நீள்கிறது. பின்னர் அதன் உட்சுவரில் செல்லுலோசு அடுக்கடுக்காகப் படிகிறது. எகிப்தில் பருத்தி ஆய்வு செய்த லாரன்ஸ் பால்ஸ் என்பார், இழையின் குறுக்குவெட்டில் நாளுக்கு ஒன்றாக வளையங்கள் அமைவதை 1919இல் வெளியிட்டார். மரத்துக்கு ஆண்டு வளையம் போல இழைக்கு நாள் வளையம்! வெயில் குறைந்த நாள்களில் படிவு குறைய, சுவர் மெலிந்து இழை முதிராது போகிறது. அத்தகைய பஞ்சு நூற்கையில் முடிச்சு விழும். சாயம் சீராகப் பிடிக்காது. வயலின் மேல் நின்ற மேகம் நெசவாளரின் தறிவரை வந்துசேர்கிறது.

கார்த்திகை வானம்

தமிழகத்தில் குளிர்கால இறவைப் பருத்தி ஆவணி, புரட்டாசியில் விதைக்கப்படுகிறது. சப்பையும் பூவும் பிடிக்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அம்மழையின் வலிமையை நம் புறநகர் மக்கள் நன்கறிவர். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குப்பின் தை, மாசியில் விதைக்கப்படும் நெல்தரிசுப் பருத்தியோ சித்திரை வெயிலில் பூக்கிறது. பருவந்தேர்தல் என்பது நீரை மட்டுமன்றி ஒளியையும் தேர்தலாகும்.

மேற்சொன்ன மாணவர் பின்னொரு நாள் தம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். ஒரு கார்த்திகையில் வானம் மூடியிருக்க, காட்டில் சப்பைகள் கொட்டின. மருந்துக் கடையில் 'புழுதான்' என்றார்கள். அவர் தந்தையார் கடன் வாங்கி மும்முறை மருந்தடித்தார். உதிர்வது நிற்கவில்லை. மேகம் கலைந்தபின் தானே நின்றது. கடன் மட்டும் நின்றபாடில்லை.

இவ்விழப்பைத் தவிர்க்க வழி உண்டு. உதிர்ந்த சப்பைகளைப் பொறுக்கிப் பார்க்க வேண்டும். புழு குடைந்ததாயின் துளையும் எச்சமும் இருக்கும். ஒளிக்குறைவால் உதிர்ந்ததாயின் துளை இராது. கடந்த ஒரு வாரத்து வானத்தையும் நினைவுகூர வேண்டும். ஏனெனில் ஒளிக்குறைவின் விளைவு சில நாள் கழித்தே வெளிப்படும். தேங்கிய நீரும் உதிர்வை மிகுவிக்குமாதலால் அதனை வடித்துவிட வேண்டும். எம்.சி.யு.5 போன்ற இரகங்களுக்கு வரிசைக்கு வரிசை 75, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி தருவது, ஒன்றன் நிழல் மற்றொன்றன்மீது விழாதிருக்கவும் உதவும். தழைச்சத்து மிகையானால் செடி தழைத்துத் தானே தன்னை நிழலில் ஆழ்த்திக்கொள்ளும். நுனி கிள்ளுதலும் உயரத்தைக் கட்டுப்படுத்தும். உதிர்வைக் குறைக்க, விதைத்த 60, 90ஆம் நாள்களில் நாப்தலின் அசிட்டிக் அமிலத்தை லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் தெளிக்க வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மேகத்தை விரட்டும் மருந்து எக்கடையிலும் இல்லை.

நிறைவாக

இக்கட்டுரையை வேளாண் அறிஞர் எழுதியிருக்கலாமே என்று கேட்பார் இருக்கலாம். எழுதட்டும், நாம் வரவேற்கின்றோம். எனினும் சப்பை, பிஞ்சு, தரிசு என உழவர் நாவில் வாழும் சொற்களைக் கொண்டே ஓர் அறிவியலை விளக்க இயலும் என்பதைக் காட்டுவது தமிழ்த்துறையின் கடமையாகும். அந்த மருந்துக் கடையில் அன்று இல்லாதிருந்தது இந்த விளக்கமே. அது தமிழில், உழவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருந்தால் ஒரு குடும்பத்தின் கடன் குறைந்திருக்கும்.

ஆசிரியராகிய நமக்கும் அந்தத் தொட்டிச் செடி ஒரு பாடம் புகட்டியது. உயரத்தைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். அடிக்கிளையில் சப்பை நிற்கிறதா என்று பார்த்தவர் மாணவர். இப்போது அவ்விரு தொட்டிகளும் மாடியில் வெயில் விழும் பக்கமாகவே இருக்கின்றன.