கால் கழுவிய யூரிக்ளியா

ஒடிசியஸ் கதையை ஒற்றைக்கண் அரக்கனோடு நிறுத்திவிடுவது என் வழக்கம். இப்போது யூரிக்ளியாவையும் சேர்த்துக்கொள்கிறேன். இளவயதில் 20 மாடுகளின் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. ஒடிசியஸை வளர்த்த செவிலி. 20 ஆண்டுகள் கழித்து அவன் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்புகிறான். கால் கழுவிவிடும்போது காட்டுப்பன்றி கிழித்த பழைய தழும்பு அவர் கையில் தட்டுப்படுகிறது. கால் நழுவ, பாத்திரம் கவிழ்ந்து தண்ணீர் கொட்டுகிறது. அவனோ, வெளியே சொன்னால் கொல்வேன் என்று அவர் தொண்டையைப் பிடிக்கிறான். வளர்த்தவரையே!

இதோடு முடித்தால் இனிய கதைதான். பின்னர் அவரே, 50 பணிப்பெண்களில் 12 பேரைத் துரோகிகள் என்று காட்டிக்கொடுக்கிறார். அவர்களும் அடிமைகளே. 12 பேரும் தூக்கிலிடப்படுகிறார்கள். மேல்வகுப்பில் இதை நான் விடுவதில்லை.

“அவங்ககிட்ட யாராவது விசாரிச்சாங்களா, டீச்சர்?” என்றாள் ஒரு மாணவி.

ஹோமரின் ‘ஒடிசி’யில் அப்படி ஒரு விசாரணை இல்லை.