கலை வரலாற்று உயர்பட்டமும் தமிழ் மாணவரும்

கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகியவற்றின் தோற்ற வளர்ச்சிகளை ஆராயும் துறை கலை வரலாறு எனப்படும். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 1852ஆம் ஆண்டு ஐடல்பர்கர் என்பார் இத்துறைக்குப் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார். அங்குப் பயின்று 1919இல் டாக்டர் பட்டம் பெற்ற ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார், பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலையைக் கற்பித்தார். தமிழிலக்கியத்தில் முதுகலை முடித்தோரும் இன்று இத்துறையில் உயர்பட்டம் பெற விழைகின்றனர். அவர்கள் உடன்கொண்டு செல்வது யாது, புதிதாகப் பயில வேண்டுவது யாது என்பதனை மாமல்லபுரத்துச் சான்றுகள் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1. பயிற்சியின் இயல்பு

இலக்கிய மாணவர்க்குச் சொல்லே முதற்சான்று. கலை வரலாற்று மாணவர்க்குப் பொருளே முதற்சான்று. கண்டதைக் கண்டவாறு எழுதுதல் அவர்தம் முதற்பயிற்சி. வடிவங்களை ஒப்பிட்டுப் பாணியை வரையறுத்தல் அடுத்தது. உல்ஃப்லின் 1915இல் வெளியிட்ட நூல் இதற்கு வழிகாட்டிற்று. உருவம் உணர்த்தும் பொருளைத் துணிதல் மூன்றாவது. பானோஃப்ஸ்கி 1939இல் இதனை மூன்று படிகளாக வகுத்தார். கண்ணுக்குப் புலனாவது முதற்படி. நூல்வழக்கால் அறியப்படும் கதை இரண்டாம் படி. அக்காலத்து மக்களின் உள்ளப்போக்கு மூன்றாம் படி. நூலறிவு இரண்டாம் படியிலேயே வந்து சேர்கின்றது என்பதனை நம் மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

2. தவமோ, கங்கையோ?

மல்லையின் பெரும்பாறைச் சிற்பம் நெடுங்காலம் அருச்சுனன் தவம் என்றே வழங்கி வந்தது. 1914இல் கோலூபேவ் அதனைக் கங்கை இறங்கும் காட்சி எனக் கொண்டார். இலக்கியம் பயின்றவர் முதலில் பாரதத்தைத் திறப்பர். அதிற் கண்டவற்றையே கல்லில் தேடுவர். தேடுவதே கிடைக்கும், ஏனைய கண்ணிற்படா.

கல்லினின்று தொடங்குவோர் காண்பன வேறு. பாறையின் நடுவே பிளவு. அதனுள் கைகூப்பிய நாகர். மேலே நீர் தேக்கியதற்கான அடையாளங்கள். இவை கங்கைக்குச் சான்றாகின்றன. ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியும் வரமருளும் சிவபெருமானும் இரு கதைக்கும் பொருந்துவர். இறைவன்முன் நிற்கும் பூதவடிவைப் பாசுபதத்தின் உருவம் எனக் கொள்வோர் அருச்சுனன் கதையை வலியுறுத்துவர். யானையின் அருகே தவக்கோலம் பூண்ட பூனையையும் எலிகளையும் எவ்வாறு விளக்குவது? பத்மா கைமல் 1994இல் எழுதிய கட்டுரையில், இவ் இருபொருள் தன்மை கருதியே அமைக்கப்பட்டது என்றார். சிலேடை கற்ற தமிழ் மாணவர்க்கு இக்கருத்து அயலானதன்று. எனினும் சிலேடை உண்டென்று கூறக் கல்லிலேயே சான்று காட்டல் கடன்.

3. காலத்தைத் துணிதல்

தூண்களின் அமைப்பையும் பாணியையும் நோக்கி, பல்லவர் கலையை மகேந்திரன், மாமல்லன், இராசசிம்மன் என மன்னர்வழி வரிசைப்படுத்தினார் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய். 1962இல் நாகசாமி, அத்தியந்தகாமன் முதலிய விருதுப்பெயர்கள் பொறித்த கல்வெட்டுகளை ஆதாரமாக்கி, மல்லைக் கோயில்கள் யாவும் இராசசிம்மன் படைப்பே என வாதிட்டார். இஃது ஏற்கப்படின், தலைமுறைதோறும் வளர்ந்ததாகக் கருதிய வேறுபாடுகள் ஒரே மன்னன் காலத்துப் புதுமைகளாகிவிடும். பாணியால் காலங்கணிக்கும் முறையே ஆட்டங்காணும். ஆதலின் அறிஞர் பலர் இதனை மறுத்தனர். ஒரு விருதுப்பெயரை இரு மன்னர் தாங்கியிருத்தல் கூடும் என்பது மறுப்பின் அடிப்படை.

இவ்வழக்கில் தீர்ப்பளிக்க விழைவோர்க்குக் கல்வெட்டையும் தூணையும் ஒருசேரப் படிக்கும் ஆற்றல் வேண்டும். எழுத்தும் பெயரும் பயின்ற நம் மாணவரின் வலிமை இங்கே வெளிப்படும். எனினும் மல்லைக் கல்வெட்டுகள் பல கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிப் பாக்கள். துப்ராயின் முதன்மை நூலோ பிரெஞ்சில் எழுதப்பெற்றது. இவற்றைப் பிறர் மொழிபெயர்ப்பால் மட்டும் அறிவோர் பிறர் முடிபையே வழிமொழிய நேரும்.

4. முடிபு

வடமொழிப் புலமையோடு அருங்காட்சியகத்துள் புகுந்த சிவராமமூர்த்தி, 1942இல் அமராவதிச் சிற்பங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் பயிலப்படுகின்றது. நூலறிவு கலையாய்வுக்குத் தடையன்று என்பதற்கு அவரே சான்று. கண்ணை முந்தும்போதே அது தடையாகின்றது. எனவே இப்பட்டத்தை நாடுவோர் பரந்த தலைப்பை விடுத்து, ஒரு மண்டபத்தையோ ஒரு சிற்பத்தொகுதியையோ தேர்ந்து, பன்முறை நேரிற்கண்டு எழுதிய பின்னரே ஏடுகளைத் திறப்பாராக. அவ்வாறு செய்யின், தமிழ்ப்புலமை அவர்தம் ஆய்வுக்குத் துணையாய் நிற்கும் என்பது எம் துணிபு.